ஏறுறதுக்கு எம்புட்டுச் சம்பளம்?

எங்க ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். ஏற்றம் மட்டும் தெரியாது. பர்மாவுக்குக் கப்பலேறினார்கள், மலேயாவுக்குக் கப்பலேறினார்கள், சிலோனுக்குப் போனார்கள். எல்லாம் கடல் மட்டம். ஊருக்குத் திரும்பினால் தரை, தோசைக்கல் மாதிரி சப்பட்டை! கோவிலூரில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற உயரம் கொற்றவாளீசுவரர் கோயில் கோபுரம்தான். கொஞ்சம் தள்ளிப் போனால் குன்றக்குடி. அதை நாங்கள் 'மலை' என்று சொல்வது முருகன் மேல் வைத்த மரியாதையால். மற்றபடி சைக்கிள்காரன் சீட்டை விட்டு எழுந்து மிதிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று கண்மாய்க்கரை. இன்னொன்று பாலம்.

இப்படிப்பட்ட சமவெளியில் பிறந்து, வளர்ந்து, வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்து தொப்பையும் வளர்த்துக்கொண்ட என் நண்பன் ஒரு ஜூலை மாதம் வந்து, "மாப்ளே, பிரான்ஸ் போறோம்" என்றான்.

"எந்த பிரான்ஸ்? பாண்டிச்சேரியா?"

"நிஜ பிரான்ஸ். சைக்கிள் ஓட்ட."

விஷயம் இதுதான். 'டூர் டி பிரான்ஸ்' என்று ஒரு சைக்கிள் பந்தயம். 1903-ல் ஆரம்பித்தது. மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு உலகப் போருக்கு மட்டும் லீவு விட்டார்கள். மற்றபடி வருஷம் தவறாமல் நடக்கிறது. அதை நம்மாள் செல்போனில் பார்த்திருக்கிறான். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். நடுவில் நாடா மாதிரி வளைந்து வளைந்து ரோடு. அதில் பஞ்சவர்ணக்கிளிக் கூட்டம் போல நூற்றெழுபது, நூற்றெண்பது பேர். 2019-ல் ஒரு நாள் பந்தயம், ஷாம்பெயினுக்குப் பேர் போன எபெர்னே என்ற ஊரிலேயே போய் முடிந்தது. இதையெல்லாம் ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடித்துக் காட்டினால், லோன் அப்ளிகேஷனையே பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு எப்படி இருக்கும்?

நான் பி.காம். யாராவது கனவு கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் போடுவது என் பிறவிக் குணம். விமானம், விசா, இன்ஷூரன்ஸ், சைக்கிளைப் பெட்டியில் போட்டு அனுப்பும் கூலி, அங்கே ஒரு காபி விலை... காகிதத்தின் அடியில் கோடு போட்டு மொத்தம் எழுதிக் காட்டினேன். அவன் நிதானமாகப் படித்துவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதாம்.

"சரி, உனக்கு என்ன வேணும்? மலை, திராட்சைத் தோட்டம், நடுவுல ரோடு. மூணுதானே? கம்பம் போவோம்."

"கம்பமா? நான் திராட்சையைச் சொல்றேன், நீ லைட்டுக் கம்பத்தைச் சொல்றே."

தேனி மாவட்டத்துக் கம்பத்தைச் சொன்னேன் ஐயா! கோவிலூரிலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கம்பம் சுமார் 115. மொத்தம் இருநூறு. பாஸ்போர்ட் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும்.

* * *

சைக்கிளுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளத்தூர். அந்த ஊர் முருகப்பா குடும்பம்தான் 1949-ல் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பித்தது. உங்கள் அப்பா வைத்திருந்த ஹெர்குலிஸ், உங்கள் அக்கா ஓட்டிய பி.எஸ்.ஏ. எல்லாம் அந்த வழிதான். ஆக, தமிழ்நாட்டையே சைக்கிளில் ஏற்றியவர்கள் மேடே இல்லாத ஊர்க்காரர்கள்!

நண்பன் ஐம்பதாயிரம் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினான். நான் கைமாறி வந்த 21 கியர் சைக்கிள் ஒன்றை, கைமாறிய விலைக்கு வாங்கினேன். இரண்டையும் ஓவராயில் பண்ண சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் நண்பனின் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, காசு கூடக் கூட வெயிட்டு குறையுதே, என்ன கணக்கு இது?"

"அதாண்ணே டெக்னாலஜி."

"இருபத்தோரு கியரா? எங்க ஐயா காலத்துல ஒரே கியர்தான். அந்த ஒரு கியர்ல பின்னாடி நெல்லு மூட்டை, முன்னாடி பார்ல பிள்ளை, ஹேண்டில்பார்ல மண்ணெண்ணெய் டின்னு..."

"மலை ஏறினாங்களாண்ணே?"

"மலை எங்கப்பா இருக்கு இங்க?"

அதுதான் விஷயம். கியர் என்பது என்னவென்று பத்து வரியில் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், உபயோகப்படும். சாதா சைக்கிளில் பெடல் சக்கரத்துக்கு 44 பல், பின் சக்கரத்துக்கு 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். சமதரையில் பிரமாதம். மலையில் அதே மிதிக்கு 5.4 மீட்டர் தூரமும் உங்களை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். முட்டி, 'ராஜினாமா' என்று எழுதிக் கொடுத்துவிடும். கியர் சைக்கிளில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு மிதிக்கு 2.2 மீட்டர்தான் நகரும். ஆனால் நகரும்! மளிகைக் கடைப் பாக்கியை மொத்தமாகக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, தவணையில் கட்டினால் கட்டிவிடுகிறோம் அல்லவா? கியர் என்பது தவணைத் திட்டம். மொத்தத் தொகையில் ஒரு பைசா குறையாது.

மொத்தத் தொகை எவ்வளவு? ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ. 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பெருக்கி, உடம்பு என்கிற எஞ்சின் தின்றதில் முக்கால் பங்கைச் சூடாக வீணடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சுமார் 320 கலோரி வருகிறது. ஏழெட்டு இட்லி. "அவ்வளவுதானா? நான் காலையில டிபனுக்கே அத்தனை சாப்பிடறேனே" என்றான் நண்பன். ஆமாம், சாப்பிடுகிறான். ஏறுவதுதான் பாக்கி.

* * *

முதல் நாள் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. சொல்வதற்கு அதிகமில்லை. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய் கூடவே வந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். இரண்டாம் நாள் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய். எங்கள் வாழ்க்கையின் முதல் நிஜமான மேடு. கணவாய் உச்சியில் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நண்பன் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தான். நான் அவனுக்கு அப்துல் காதர் ஸாஃப் கதை சொன்னேன்.

ஸாஃப், அல்ஜீரியாக்காரர். 1950 டூர் டி பிரான்ஸில் தென் பிரான்ஸின் திராட்சைப் பிரதேசத்தில் பந்தயம். கொளுத்துகிற வெயில். இவரும் இன்னொருத்தரும் கூட்டத்தை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். வழியில் ஜனங்கள் கொடுத்த பாட்டிலில் ஒயின் இருந்தது என்கிறார்கள். மயங்கி விழுந்தவரைத் திராட்சைத் தோட்டத்து ஓரமாக மரத்தடியில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் திடுக்கென்று எழுந்தார், சைக்கிளில் ஏறினார், வெறிகொண்டு மிதித்தார், வந்த திசையிலேயே! எதிரே மற்ற போட்டியாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 'நான் குடிக்கவே மாட்டேன், மயக்கம் தெளிய என் மேல் ஒயினை ஊற்றினார்கள், அந்த வாசனைதான்' என்றாராம் பிற்பாடு. எது எப்படியோ, ஜெயித்தவர் பேரை விட இவர் பேர்தான் பிரான்ஸ் முழுக்கப் பரவியது.

கதை கேட்ட நண்பன் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தேனிப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி படுத்தான்.

* * *

தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்... இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர வர, காற்றில் ஈரம் கூடுகிறது. மேற்கே கேரளத்து ஏலமலை, கிழக்கே மேகமலை, வருசநாடு. நடுவில் பள்ளத்தாக்கு. நெல், தென்னை, வாழை, அப்புறம் திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகச் சுற்றலாம். மெயின் ரோட்டை விட்டு இந்தக் கிராமத்து ரோடுகளில் சைக்கிள் விட்டால், அதுதான் ஐயா சொர்க்கம். லாரி கிடையாது. வரப்பு நெடுக வாய்க்கால் சத்தம்.

நண்பனுக்கு மட்டும் ஒரு ஏமாற்றம். "என்னடா, தோட்டத்தையே காணோம்?"

பிரான்சில் திராட்சைக் கொடி இடுப்பு உயரத்துக்கு வரிசை கட்டி நிற்கும். அவன் அதைத் தேடிக்கொண்டிருந்தான். இங்கே கொடி தலைக்கு மேலே. கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன் மேல் பந்தல். கீழே நுழைந்தால் கல்யாண வீட்டுக் கொட்டகை மாதிரி பச்சை நிழல். மேலே கொத்துக் கொத்தாகக் கருநீலத் தொங்கட்டான்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் வரிசை பார்த்திருப்பீர்களே, அந்தக் கணக்கில் இங்கே திராட்சைக்குக் கல்தூண் வரிசை.

இது பன்னீர் திராட்சை. வெளிநாட்டில் இதன் பேர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரான்சில் வருஷத்துக்கு ஒரு அறுவடை. குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். நம் ஊர் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து பண்ணினால் நாலு மாதத்தில் பழம். மறுபடி கவாத்து, மறுபடி பழம். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு வாரத்தில் கவாத்து பண்ணுவதால், வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பழுத்துக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு தரம் இன்கிரிமென்ட் வாங்குகிற நமக்கு இந்தக் கொடியைப் பார்த்தால் பொறாமையாக இருக்காதா?

ரோட்டோரப் பந்தலில் ஒரு கொத்து கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. நண்பன் சைக்கிளில் இருந்தபடியே கையை நீட்டினான்.

"தம்பீ!" பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல். "நேத்துத்தான் மருந்தடிச்சிருக்கு. தின்னுட்டுச் சொல்லுங்க, எப்புடி இருக்குன்னு!"

நீண்ட கை, ஹேண்டில்பாருக்கு மரியாதையாகத் திரும்பியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரான்சில் போர்டோ பக்கம் ரோட்டோரத் தோட்டக்காரர்களுக்கும் இதே தொல்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் பறித்துத் தின்றான். அதனால் ஓரத்து வரிசைக்கு மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பச்சையாகத் தெளித்தார்கள், பார்த்தாலே பயம் வரட்டும் என்று. 1880-களில் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்தப் பக்கம் போனவர் கவனித்தார். தோட்டம் முழுக்க அடிச்சாம்பல் நோய் வந்து இலை கொட்டியிருக்கிறது, ரோட்டோர வரிசை மட்டும் பச்சென்று நிற்கிறது. ஆராய்ச்சி பண்ணி 1885-ல் வெளியிட்டார். அதுதான் இன்றைக்கும் நம் விவசாயிகள் வாயில் புழங்குகிற 'போர்டோ கலவை'. வழிப்போக்கன் திருடியிருக்காவிட்டால் உலகத் திராட்சைக்கு மருந்து கிடைத்திருக்காது! நண்பன் இதைக் கேட்டு மறுபடி கையை நீட்டப் பார்த்தான். அடக்கினேன்.

குரலுக்கு உரியவர் வெளியே வந்தார். தோட்டக்காரர். தேடிப் பிடித்து, மருந்து அடிக்காத பந்தலிலிருந்து ஒரு கொத்து அறுத்துக் கழுவிக் கொடுத்தார். தோல் புளிப்பு, உள்ளே தேன், நடுவில் கொட்டை. அந்தப் பன்னீர் வாசனை இருக்கிறதே... விதையில்லாத பச்சைத் திராட்சை சாப்பிட்டே பழகிய நாக்கு, பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

நான் பி.காம். ஆயிற்றே, கணக்கு கேட்டேன். டெபிட் பக்கம் அவர் சொல்லச் சொல்ல முடியவில்லை. கல்தூண், கம்பி, கவாத்துக் கூலி, உரம், வாரத்துக்கு மருந்து, மருந்தடிக்கக் கூலி. கிரெடிட் பக்கம் ஒரே வரி: பழம். அந்த வரியும் மழை சம்மதித்தால்தான். பழுக்கிற நேரத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. வைத்திருந்தும் விற்க முடியாது. அன்றைக்கு என்ன விலையோ அதுதான் விலை.

அவர் சொன்ன விலையை, காரைக்குடித் தள்ளுவண்டியில் நான் போன வாரம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டேன். மூன்றில் ஒரு பங்கு வந்தது. இருநூறு கிலோமீட்டரில் பழம் ஏறுகிற ஏற்றத்தை எந்த சைக்கிள் வீரனும் ஏற முடியாது.

"அப்புறம் ஏன்ணே இதையே பண்றீங்க?"

"எங்க அப்பா போட்ட பந்தல் தம்பி. தூணைப் பிடுங்கவே தனியாக் காசு வேணும்."

இந்தத் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. நண்பன் துள்ளினான். "பாத்தியா! சுத்திச் சுத்தி பிரான்சுக்கே வந்தாச்சு!"

அதை விடப் பெரிய சமாசாரம் ஒன்று என்னிடம் இருந்தது. தென் பிரான்சில் மோன் வான்ட்டூ என்று ஒரு மலை. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் பேரைக் கேட்டாலே பயப்படுகிற மலை. உச்சியில் மரம் கிடையாது, நிழல் கிடையாது, வெள்ளைக் கல். 1967 ஜூலை 13-ல் டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் அந்த வெயிலில் ஏறும்போது விழுந்து இறந்துபோனார். ஊக்க மாத்திரையும் சாராயமும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு திராட்சை விளைகிறது. ஒயினுக்கு இல்லை, அப்படியே சாப்பிடுவதற்கு. அவர்களும் அதற்கு ஊர்ப்பேரில் அந்தஸ்து வாங்கி வைத்திருக்கிறார்கள், 'வான்ட்டூ மஸ்கட்' என்று. எந்த ரகம் தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க்! நம்ம பன்னீர்! உலகத்தின் பயங்கரமான சைக்கிள் மலையடிவாரத்திலும், குமுளி மலையடிவாரத்திலும் ஒரே கொடி.

நண்பன் கையில் மிச்சமிருந்த பழங்களை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் மலையைப் பார்த்தான். அவன் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது.

* * *

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. கார்த்திகை, மார்கழி சபரிமலை சீசனில் குமுளி ரோட்டுப் பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள். கூட்டம் தாங்காது, போக்குவரத்தையே ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். 2022 டிசம்பரில் சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் எட்டுப் பேர், வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து இறந்த ரோடு அது. ஏறும்போது முட்டிக்குத்தான் ஆபத்து, இறங்கும்போது உயிருக்கு. இறங்குமுன் பிரேக் கட்டையைப் பாருங்கள். தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். விடிகிற நேரத்தில் ஏறிவிடுங்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். மாத்திரை, டானிக் எதுவும் வேண்டாம், வேர்க்கடலை மிட்டாய் போதும். சிம்ப்சனை நினைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மூன்றாம் நாள். விடிவதற்கு முன்னால் லோயர் கேம்ப். இங்கே பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. 2013-ல் திறந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றை, 1887-லிருந்து 1895 வரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். பள்ளத்தாக்கில் டீக்கடைக்கு டீக்கடை அவர் படம் மாட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் பந்தலும் இல்லை, பன்னீரும் இல்லை. முதல் நாள் மேலூரில் எங்கள் கூட வந்த கால்வாய்த் தண்ணீரும் இதேதான். மலைச்சரிவில் ராட்சசக் குழாய்கள் மின்சார நிலையத்துக்கு இறங்குகின்றன. தண்ணீர் இறங்கும் வழியில் நாங்கள் ஏற வேண்டும். ஆறேழு கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் உயரம். அதாவது நூறு அடி போனால் ஆறேழு அடி உயரும்.

டீக்கடையில் நின்றோம். ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே பெண்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. ஒருவர் மடியில் ஒருவர். மடியில் தூக்குச்சட்டி. தலையில் துண்டு. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கான பேர் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு இப்படித்தான் போகிறார்கள். விடியுமுன் ஏறி, பொழுது சாய இறங்குவார்கள்.

டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எங்கள் சைக்கிளை, ஹெல்மெட்டை, ஒட்டிப்பிடித்த கால்சட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏந்தம்பி, எந்தக் கம்பெனி? மேல போயி என்ன விக்கிறீக?"

"ஒண்ணும் விக்கலக்கா. சும்மா ஏறுறோம்."

"சும்மாவா! ஏறுறதுக்கு எம்புட்டுச் சம்பளம்?"

"சம்பளமெல்லாம் இல்லக்கா. கைக்காசு போட்டுத்தான் வந்தோம்."

ஜீப்புக்குள் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கேலி இருந்தது, கோபம் இல்லை. அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"நல்லதுதான். நானும் பதினெட்டு வருசமா ஏறுறேன். ஒரு நா கூட சும்மா ஏறுனதில்ல. தேக்கடியில போட்டு ஓடுதாம்ல தம்பி? ஆனை தண்ணி குடிக்க வருமாம்ல?"

"நீங்க பாத்ததில்லையாக்கா?"

"எங்க பாக்க? தோட்டத்து வாசல்ல எறங்கி, தோட்டத்து வாசல்லயே ஏறிருவோம். நீங்க பாத்தீகன்னா எப்புடி இருக்குன்னு சொல்லுங்க. இந்த டீக்கடை அண்ணன்ட்ட சொன்னாக்கூடப் போதும், எனக்குச் சொல்லிருவாரு."

டிரைவர் ஏறினார். ஜீப் உறுமிக்கொண்டு முதல் வளைவில் மறைந்தது. அதில் அத்தனை பேருக்கும் ஒரே கியர்.

பிரான்சில் ஆல்ப் துயெஸ் என்று ஒரு மலை. 21 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஜெயித்த வீரர்கள் பேரை எழுதி வைத்திருக்கிறார்கள். குமுளி ரோட்டில் அப்படி யார் பேரும் இல்லை. பெடலை மிதிக்க மிதிக்க எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் அடுத்த மாவட்டம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் உண்டு. வேலைக்குப் போக, தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஆயிரம் உபயோகம் சொன்னார்கள். அதையெல்லாம் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வருவதில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. சம்பளம் இல்லாமல் ஒரு இடத்துக்குப் போய்வருவது என்பது எவ்வளவு பெரிய சம்பளம்!

ஒரு மணி பத்து நிமிஷத்தில் குமுளி. நண்பன் ஒரு தடவை கூட இறங்கித் தள்ளவில்லை. மேலே போய் என்னைக் கட்டிக்கொண்டான். பேச வரவில்லை அவனுக்கு.

சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். தேக்கடி ஏரி என்பதே பென்னிகுக் மறித்த தண்ணீர்தான். செத்துப்போன மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து கரிக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க, அதன் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தூரத்துக் கரையில் மூன்று யானைகள். ஒன்று குட்டி. நண்பன் செல்போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்தான். எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமே!

இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னோம். மரம், பறவை, யானை, குட்டி யானை தாயின் காலுக்கடியில் ஒளிந்தது, எல்லாம். அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அப்படியே சொல்லிடறேன். ஆனா யானையைக் கேக்குறதுக்கு முன்னாடி அது இன்னொண்ணு கேக்கும்."

"என்ன?"

"டிக்கெட்டு எம்புட்டுன்னு."

நுழைவுக் கட்டணமும் படகுமாகச் சேர்த்துச் சொன்னேன். அவர் மனசுக்குள் ஒரு கணக்கு போட்டார். அந்தக் கணக்குக்கு பி.காம். தேவையில்லை.

"அரை நாள் கூலிக்கு மேல வருதே தம்பி" என்றார். "யானையை மட்டும் சொல்லிடறேன்."